வரி வெட்டிய துப்பாக்கி

தூத்துக்குடியை அடுத்த புதுக்கோட்டையில், திருநெல்வேலி பஸ் நிற்கிற இடத்துக்குச் சற்றுத் தள்ளி சண்முகவடிவின் இரும்புக்கடை இருக்கிறது. ஆணி, கீல், குழாய், பெயிண்ட், உப்பளத்துக்கு வேண்டிய மண்வெட்டி, வாளி எல்லாம் கிடைக்கும். கடைக்கு வருகிறவர்கள் அவளை மதிப்பார்கள். கொஞ்சம் பயப்படவும் செய்வார்கள். லோடு இறக்க வந்தவன் கம்பிக் கட்டை உள்ளே வைத்துவிட்டு வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றால், அவள் கட்டைப் பிரித்து எண்ணிப் பார்த்த பிறகுதான் அவனுக்குத் தண்ணீர்ச் செம்பை நீட்டுவாள். யாரையும் அவள் திருடன் என்று வாய் திறந்து சொன்னதில்லை. ஆனால் அந்தப் பார்வை பட்டவனுக்கு, தான் எதையோ எடுத்துவிட்டோமோ என்று தனக்கே தோன்றிவிடும்.

அவள் பிறந்தது ஏரல் பக்கம், வாழைத் தோட்டங்களுக்கு நடுவே உள்ள ஒரு சின்ன ஊரில். அப்பா முத்துமாலைக்குத் தோட்டமும் பனைவிளையும் இருந்தன. ஊரில் அவர் வைத்ததுதான் சட்டம். அவருக்குப் பிள்ளைகள் இரண்டு பேர். மூத்தவள் வடிவு. பல வருஷம் கழித்துப் பிறந்தவன் சிவப்பிரகாஷ். வடிவை உப்பளங்களில் பம்புசெட்டு பார்க்கும் காசிலிங்கத்துக்குக் கட்டிக்கொடுத்தார். மாப்பிள்ளை நல்ல வேலைக்காரர். ஆனால் வாயைத் திறக்கமாட்டார். இடது கைக்காரர் வேறு. கல்யாணப் பந்தியில் அவருடைய இடது கை தன்னையறியாமல் இலைப் பக்கம் போக, வடிவின் சித்திமார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

கல்யாணமாகிச் சில வருஷத்தில் ஒரு மழைக்காலம் வந்தது. அளங்களில் அப்போது வேலை கிடையாது. இருந்தும் காசிலிங்கம் பொழுது சாய்ந்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு தூத்துக்குடிக்குப் புறப்பட்டுவிடுவார். ஊர் அடங்கிய பிறகு வருவார். தட்டை எடுத்து வைத்தால், "சாப்பிட்டாச்சு" என்பார். எங்கே என்று சொல்லமாட்டார். ஒரு நாள் மீன் விற்க வரும் பெண் பேச்சோடு பேச்சாக, "உங்க வீட்டுக்காரவுகள தூத்துக்குடி ஆர்பர் பக்கம் பாத்தேன். கிரேசி வீட்ல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தாவ" என்றாள். வடிவு மீனை வாங்கினாள், கழுவினாள், குழம்பு வைத்தாள். கிரேசி யார் என்று அந்தப் பெண்ணிடமும் கேட்கவில்லை, கணவனிடமும் கேட்கவில்லை. கேட்டால் அவர் பொய் சொல்லுவார், பிறகு அந்தப் பொய்யையும் சேர்த்துச் சுமக்க வேண்டும் என்று நினைத்தாள். மழைக்காலம் முடிந்ததும் அவர் போவது நின்றது. ஆனால் வடிவு தன் பாயை மகள் படுக்கும் அறைக்கு மாற்றியது மாற்றியதுதான். பிறகு கடை வைத்தாள், மகளைப் படிக்கவைத்தாள், கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்தாள். முதுகுவலி வந்து காசிலிங்கம் அளத்து வேலையை விட்டதும், கடையோரத்தில் இரும்பைக் கவ்விப் பிடிக்கிற வைஸ் ஒன்றைப் பூட்டி, பூட்டுகளுக்கு அரத்தால் சாவி ராவிக் கொடுக்க உட்கார்ந்தார். அவள் அவரிடம் பேசுவது கடையாளிடம் பேசுவது போலத்தான் இருக்கும். "அந்தக் கீலை எடுங்க", "ஷட்டரை இறக்குங்க". அவரும் எடுப்பார், இறக்குவார்.

முத்துமாலை போன வருஷம் இறந்தார். கடைசிவரை நடமாட்டமாக இருந்த மனிதர். தோட்டத்தை மகள் பேரிலும் வீட்டை மகன் பேரிலும் வைத்திருந்தார். அவருடைய இரும்பு அலமாரியில் துப்பாக்கி ஒன்று இருந்தது. வாய்வழியாகக் கரிமருந்தைக் கொட்டி, குண்டைப் போட்டு, கம்பியால் குத்திக் கெட்டிக்கிற நாட்டுத் துப்பாக்கி. வாழையில் பன்றி விழுகிறது என்று அவருடைய தகப்பனார் காலத்தில் எடுத்த லைசென்ஸ், பிறகு அவர் பேருக்கு மாறியது. இப்போதும் பன்றி விழுகிறது. லைசென்ஸைத் தன் பேருக்கு மாற்றிவிடலாம் என்று வடிவு நினைத்தாள். அதுவரை துப்பாக்கியைத் திருநெல்வேலியில் ஒரு ஆயுதக் கடையில் ஒப்படைத்து வைக்கும்படி போலீஸில் சொன்னார்கள். கடையிலிருந்த ஆறு இஞ்சு பிவிசி குழாயில் ஒரு துண்டு வெட்டி, துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி உள்ளே இறக்கி, இரண்டு பக்கமும் மூடி போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள். இரும்புக்கடைக்காரி குழாயோடு போனால் யார் என்ன கேட்கப் போகிறார்கள்?

ஆயுதக் கடைக்காரர் வெள்ளைச் சட்டை போட்ட வயதான மனிதர். துப்பாக்கியை வாங்கி முதலில் லைசென்ஸோடு வைத்துப் பார்த்தார். பிறகு குழலுக்குள் ஒரு சின்ன விளக்கை இறக்கி ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி?" என்றாள் வடிவு.

"கதவச் சாத்திட்டு வாங்கம்மா."

அவள் சாத்திவிட்டு வந்தாள்.

"லைசென்ஸ்ல இருக்குறது உள்ள வழவழன்னு இருக்கிற குழல். இது அப்படி இல்ல. நீங்களே பாருங்க."

வடிவு பார்த்தாள். குழலின் உட்சுவரில் நான்கு பள்ளங்கள் ஒன்றையொன்று துரத்துவது போலச் சுற்றிச் சுற்றி இறங்கிக்கொண்டிருந்தன.

"இந்த வரி இருந்தாத்தான் குண்டு சுத்திக்கிட்டே நேரா போவும். ரைபிள்னு சொல்லுதோம்லா, அது. நாட்டுத் துப்பாக்கியில இத எவனும் வெட்டமாட்டான், வெட்டவும் வராது. இரும்பும் அந்தக் காலத்து இரும்பு கெடையாது. கப்பல் இன்ஜினுக்கு டீசல் போற கனத்த குழாய் மாதிரி இருக்கு. கட்டை மட்டுந்தான் பழசு. குழலு, குதிரை, விசை எல்லாம் யாரோ கையால புதுசா செஞ்சிருக்கான்."

"அப்பம் பழைய குழலு எங்க?"

"அத நீங்கதான் சொல்லணும்" என்றார். குரலில் மரியாதை குறையவில்லை. ஆனால் கண்ணில் வேறு ஒன்று வந்து உட்கார்ந்திருந்தது. "நான் இத வாங்கி வச்சா உள்ளத உள்ளபடி எழுதணும்மா. எழுதுனா போலீஸ் வரும். திருட்டுத்தனமா துப்பாக்கி செஞ்ச கேஸு, லேசுப்பட்டது கெடையாது. யாரு செஞ்சதுன்னு மொதல்ல வீட்ல விசாரிங்க. பொறவு வாங்க."

குழாயை மடியில் சாய்த்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பி வரும்போது அவள் மனதில் ஒரே பெயர்தான் ஓடிக்கொண்டிருந்தது. தம்பி.

சிவப்பிரகாஷ் தூத்துக்குடியில் ஒரு கண்டெய்னர் யார்டில் வேலை பார்த்தான். அவன் இடது கையில் கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் கிடையாது. பள்ளிக்கூடம் முடித்த வருஷம் மோட்டார் பெல்ட்டில் கை மாட்டிக்கொண்டதாக அப்பா சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு அவன் எதிலும் நிலைத்ததில்லை. அப்பா வீட்டிலிருந்து பம்புசெட்டும் பித்தளை அண்டாவும் ஒவ்வொன்றாய்க் காணாமல் போனபோது, "நீதாம்லே வித்துருக்க" என்று அவள் முகத்துக்கு நேரே கேட்டாள். அவன் இல்லையென்று சொல்லவில்லை, ஆமென்றும் சொல்லவில்லை. எழுந்து போனவன் பிறகு அவள் வீட்டுப்படி மிதிக்கவில்லை. அப்பாவின் சடங்கில்கூட இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். பழைய குழலையும் விசையையும் எவனோ பழம்பொருள் வாங்குகிறவனுக்கு விற்றுவிட்டு, ஆர்பர் ஆட்கள் யாரிடமோ சொல்லி இதைச் செய்து அலமாரியில் வைத்துவிட்டான். கணக்கு அவளுக்குச் சரியாக வந்தது. ஆதாரம் ஒன்றுதான் பாக்கி.

வீட்டில் காசிலிங்கத்திடம் துப்பாக்கியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. குழாயைக் கடையில் மற்றக் குழாய்களோடு சேர்த்துச் சாய்த்து வைத்தாள். அவர் அதை ஒரு தடவை பார்த்தார். மூடி போட்ட குழாய் ஏன் அங்கே நிற்கிறது என்று கேட்கவில்லை. கேட்காததும் அவளுக்கு உறுத்தியது. யாருக்கும் தெரியாமல் திருப்புளியால் குதிரை பொருத்தியிருந்த தகட்டைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். குழலின் வாயைச் செல்போனில் படம் எடுத்துக்கொண்டாள். "சரக்கு பாக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டுத் தூத்துக்குடிக்கு டவுன் பஸ் ஏறினாள்.

மீன்பிடித் துறைமுகத்துப் பக்கம் விசைப்படகுகளுக்கு வேலை செய்கிற லேத்துப் பட்டறைகள் வரிசையாக இருக்கும். முதலில் போன இடங்களில் தகட்டைப் பார்த்துவிட்டுக் கையை விரித்தார்கள். ஒருவன் மட்டும், "பழைய வேலையா இருந்தா இஞ்ஞாசி பட்டறைல கேளுங்க. அவரு செத்துட்டாரு, மவன் ஆன்றோ இருக்கான்" என்றான்.

ஆன்றோவுக்கு நாற்பது வயதுக்கு மேலிருக்கும். புரொபல்லர் தண்டு ஒன்றைக் கடைந்துகொண்டிருந்தவன் மிஷினை நிறுத்திவிட்டு வந்தான். தகட்டை வாங்கியவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. செல்போனில் குழலின் படத்தைக் காட்டியதும் அவன் கண் மேலே கூரையைத் தொட்டுவிட்டு அதே வேகத்தில் இறங்கியது. வடிவுக்கு அது போதும். அவளும் மேலே பார்த்தாள். கூரைச் சட்டத்தில், ஆள் உயரத்துக்கும் அதிகமான ஒரு பனஞ்சட்டம் கயிற்றில் கட்டித் தொங்கியது. உருண்டையாக இழைத்தது. அதன் மேல் நான்கு பள்ளங்கள் முறுக்கிக்கொண்டு போயின.

"அது என்ன தம்பி?"

"அதா... அப்பா காலத்து சாமான்க்கா. எதுக்குன்னு தெரியல."

"அதே மாதிரி நாலு வரி இந்தக் குழல்லயும் ஓடுதே."

"அப்படியா?" என்றான் ஆன்றோ. தகட்டை அவள் கையில் திருப்பி வைத்தான். வைத்த வேகம் சுடுபொருளைக் கைமாற்றுவது போல இருந்தது. "எக்கா, நீங்க யாருன்னு எனக்குத் தெரியாது. எங்கப்பா மரிச்சுப் போயாச்சு. அவரு பேரக் கொண்டுபோயி எங்கயும் இழுத்து விட்ராதிய. எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது."

"நான் புதுக்கோட்டைல இரும்புக்கடை வச்சிருக்கேன். என் தம்பி சிவப்பிரகாஷ் இங்க வந்து போனது உண்டா? கையில ரெண்டு வெரல் இருக்காது."

"இல்லக்கா. அப்படி யாரும் வந்தது இல்ல." இதை மட்டும் அவன் தடுமாறாமல் சொன்னான்.

பட்டறையை ஒட்டித்தான் வீடு. பேச்சுச் சத்தம் கேட்டு உள்ளேயிருந்து ஒரு மூதாட்டி சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். முழங்கால் இரண்டும் வீங்கியிருந்தன. கழுத்தில் செபமாலை.

"யாருடா ஆன்றோ?"

"புதுக்கோட்டைலருந்து வந்திருக்காவம்மா. வேல விசயமா. நீ உள்ள போ."

"புதுக்கோட்டையா!" கிழவியின் முகம் மலர்ந்தது. "அங்கனதான நம்ம காசித் தம்பி இருக்காவ. பம்பு காசி. எடது கைக்காரவுக. தெரியுமாம்மா ஒனக்கு? ஒரு மழைக்காலம் பூரா இங்கனதான் கெடந்தாவ. நான் பொங்கிப் போட்டத்தான் தின்னுட்டுப் போவாவ. சுகமா இருக்காவளா?"

ஆன்றோ, "அம்மா!" என்று அதட்டினான். வடிவு கிழவியின் பக்கம் திரும்பினாள்.

"நீங்க கிரேசியா?" என்று கேட்டாள்.

"ஆமா. ஒனக்கு எப்படித் தெரியும்?"

வடிவு தகட்டைக் கைப்பையில் போட்டாள். கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள். ஐஸ் வண்டி ஒன்று ஆரன் அடித்தபடி அவளை உரசிக்கொண்டு போனது. இத்தனை வருஷம் அவள் மனதுக்குள் நடமாடிய கிரேசி சிவப்பாக இருந்தாள், நீண்ட முடி வைத்திருந்தாள், வடிவைவிட இளையவளாக இருந்தாள். இந்தக் கிழவிக்கோ காசிலிங்கத்தைவிடப் பத்து வயதாவது கூட இருக்கும். கூடவே புருஷனும் பிள்ளையும் வேறு. ஆனாலும் சந்தேகம் அவ்வளவு சீக்கிரம் இடத்தைக் காலி செய்துவிடுமா? ஒரு பக்கம் வெளியேறிய சந்தேகம் இன்னொரு பக்கமாய் உள்ளே வந்தது. அப்படியென்றால் அந்த மனிதர் அங்கே என்னதான் செய்துகொண்டிருந்தார்?

கடைக்கு வந்தபோது காசிலிங்கம் ஒரு வாடிக்கையாளருக்குப் பூட்டுச் சாவி ராவிக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் போய் நின்று பார்த்தாள். இடது கையில் அரம். அது வலது கைக்காரர்கள் போகிற சாய்வுக்கு எதிர்ச் சாய்வில் போய் வந்தது. அவர் ராவிய சாவிகள் ஆணியில் கொத்தாகத் தொங்கின. ஒன்றை எடுத்துக்கொண்டு வாசல் வெயிலுக்குப் போனாள். கைப்பையிலிருந்து தகட்டை எடுத்து உள்பக்கத்தைத் திருப்பினாள். வெளிப்பக்கம் பாலிஷ் போட்டு மினுங்கியது. உள்பக்கத்தை யார் பார்க்கப் போகிறார்கள் என்று ராவியபடியே விட்டிருந்தார்கள். அரத்தின் கீறல்கள் இடமிருந்து வலமாய்ச் சரிந்து கிடந்தன. சாவியிலும் அதே சரிவு. ஒன்றின் மேல் ஒன்றை வைத்தாள். ஒரே கை.

மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கினாள். தகட்டைக் கொண்டுபோய் வைஸ் மேல் வைத்தாள்.

"இது யாரு ராவுனது?"

காசிலிங்கம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தகட்டை எடுத்தார். பெருவிரலை அதன் ஓரத்தில் மெல்ல ஓட்டினார். "இந்த ஓரம் அன்னைக்கே சரியா வரல" என்றார். சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டோம் என்று அவருக்குப் புரிந்தது. அரத்தைக் கீழே வைத்தார்.

"நீங்களா செஞ்சிய?"

"ம்."

"பழைய குழலு எங்க?"

"வெடிச்சுப் போச்சு."

ஒவ்வொரு வார்த்தையாகத்தான் வந்தது. வடிவு ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் எதிரே உட்கார்ந்தாள். அவர் முழுக்கச் சொல்லி முடிக்கும் வரை எழுந்திருக்கவில்லை. நடந்தது இதுதான். பழைய துப்பாக்கியில் குண்டு தூரம் போகாது என்று முத்துமாலை எப்போதும் மருந்தை அதிகமாகவே போடுவார். மகனுக்கும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார். அந்த வருஷம் பன்றி விரட்டப் போன சிவப்பிரகாஷ், அப்பா சொன்னதைவிட ஒரு கை அதிகம் போட்டுக் கெட்டித்துச் சுட்டான். குழல் அடியில் கிழிந்தது. இரண்டு விரல்கள் அங்கேயே போயின. லைசென்ஸ் இல்லாத பையன் கையில் துப்பாக்கியைக் கொடுத்ததற்குத் தன் மேல் கேஸ் வரும், ஊரில் தலை நிமிர முடியாது என்று முத்துமாலை பயந்தார். மோட்டார் பெல்ட் என்று கதை கட்டினார். வருஷா வருஷம் போலீஸில் துப்பாக்கியைக் காட்ட வேண்டுமே? அங்கே வெளித்தோற்றத்தைத்தான் பார்ப்பார்கள், குழலுக்குள் பார்ப்பதில்லை. மருமகனைக் கூப்பிட்டு, அதே கட்டையில் வேறு குழல் பொருத்திக் கொடு என்றார். இஞ்ஞாசி காசிலிங்கத்தின் சிநேகிதர். அளத்துப் பம்புகளுக்குத் தண்டு கடைந்து கொடுப்பவர். அந்தப் பட்டறையில், பகல் வேலை முடிந்த பிறகு, கப்பலிலிருந்து கழித்துப் போட்ட டீசல் குழாயில் அந்தக் குழல் உருவானது.

"வரி எதுக்கு வெட்டுனிய? அதுதான இப்பம் காட்டிக் குடுத்திருக்கு. வழவழன்னு விட்டிருந்தா ஒருத்தனுக்கும் தெரிஞ்சிருக்காதே."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "பிரகாசு கையப் பாத்தேன். மருந்து கொஞ்சமாப் போட்டாலும் குண்டு நேரா தூரமாப் போவணும்னு நெனச்சேன். அப்படின்னா யாரும் கூடப் போடமாட்டாவல்லா. இஞ்ஞாசி கப்பல்ல இருந்தப்பம் பாத்திருக்காரு. பனஞ்சட்டத்துல பள்ளம் வெட்டி, அத வழிகாட்டியா வெச்சு, ஒரு சின்ன உளியக் குழலுக்குள்ள விட்டு இழுப்போம். ஒரு இழுப்புக்குத் தூசி மாதிரித்தான் வரும். அதான் அம்புட்டு நாள் ஆச்சு."

வெளியே யாரோ ஷட்டரைத் தட்டினார்கள். "பொறவு வாங்க" என்று வடிவு குரல் கொடுத்தாள். கடை திறந்த நாளிலிருந்து வந்த வாடிக்கையாளரை அவள் திருப்பி அனுப்பியதில்லை.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"ஒங்கப்பா சத்தியம் வாங்கிட்டாவ."

"நான் ஒங்களப் பத்தி என்ன நெனச்சேன்னு தெரியுமா ஒங்களுக்கு?"

"தெரியும். மீன்காரி சொன்னது எனக்கும் வந்துச்சு."

"தெரிஞ்சும் சும்மா இருந்தியளா? இத்தன வருசமா?"

காசிலிங்கம் அரத்தை எடுத்தார், மறுபடியும் வைத்தார். "ஒங்கப்பாகிட்டப் போயிச் சொன்னேன், வடிவு இப்படி நெனைக்கா, அவகிட்ட மட்டுமாவது சொல்லிருதேன்னு. அவிய சொன்னாவ, 'நெனச்சா நெனச்சிட்டுப் போறா. துப்பாக்கிய யோசிக்கறதுக்கு அவ பொம்பளைய யோசிச்சிட்டு இருக்கறதே நமக்கு நல்லது'ன்னு."

 வடிவு முதலில் அதை நம்பவில்லை. இவர் தன்னைக் காத்துக்கொள்ள, செத்துப்போன மனிதர் மேல் பழியைப் போடுகிறாரோ என்று பார்த்தாள். ஆனால் அந்த வாக்கியத்தில் அப்பாவின் குரல் இருந்தது. சந்தையில் வாழைத்தார் விலை பேசும்போது எதிராளியை வேறு பக்கம் பார்க்கவைத்துவிட்டுக் காரியத்தை முடிக்கிற அதே குரல். மாதத்தில் இரண்டு தடவை அவர் மகளைப் பார்க்க வருவார். இந்த வீட்டில் உட்கார்ந்து காப்பி குடிப்பார். மகள் தனியறையில் பாய் போட்டிருப்பதும் அவர் கண்ணில் பட்டிருக்கும். "சௌக்கியமா இருக்கியாம்மா?" என்று கேட்டுவிட்டுப் போவார். அவள் உலகத்தில் சந்தேகப்படாத ஒரே ஆள் அவர்தான்.

அடுத்த நாள் வடிவும் காசிலிங்கமும் சிவப்பிரகாஷ் வீட்டுக்குப் போனார்கள். அவன் மனைவி அனுசியா கதவைத் திறந்துவிட்டு, என்ன சொல்வது என்று தெரியாமல் நாற்காலியைத் துடைத்தாள். சிவப்பிரகாஷ் பனியனோடு வந்து நின்றான்.

"எதுக்கு வந்திருக்க? இன்னும் என்னத்தக் காணோம்?" என்றான்.

வடிவு தகட்டை மேஜையில் வைத்தாள். "ஏலே பிரகாசு, கை எப்படிப் போச்சுன்னு இப்பந்தான் எனக்குத் தெரியும்."

அவன் முதலில் அத்தானைப் பார்த்தான். அவர் தலையாட்டினார். "ஒனக்குத் தெரியாதா?" என்றான், நம்பாத குரலில். "தெரிஞ்சுக்கிட்டுத்தான் என்னய அப்படிப் பேசுதன்னுல்லா நெனச்சேன். சின்னதுல தப்புப் பண்ணவன், பெருசானாலும் திருடத்தான் செய்வான்னு நெனைக்கன்னு."

"பம்புசெட்ட வித்தது யாரு அப்பம்?"

"அப்பாதாங்க்கா வித்தாவ. அண்டாவையும் அவியதான் வித்தாவ. என் கைக்கு வைத்தியம் பாக்க ஒருத்தருக்கும் தெரியாம கடன் வாங்கியிருந்தாவ. அது குட்டி போட்டுக்கிட்டே போச்சு. யார்ட்டயும் சொல்லாதன்னாவ."

அனுசியா காப்பி கொண்டுவந்தாள். யாரும் தொடவில்லை. வடிவு டம்ளரை எடுத்துத் தம்பி கையில் கொடுத்தாள். அவன் வலது கையால் வாங்கி, இரண்டு விரல் இல்லாத இடது கையின் உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு குடித்தான். அவன் எப்படி டம்ளரைப் பிடிப்பான் என்றுகூட அவள் அதுவரை கவனித்ததில்லை.

துப்பாக்கியை என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. "கொண்டுபோயிக் கடல்ல போட்ருவோம்" என்றான் சிவப்பிரகாஷ். அப்படிச் செய்தால் லைசென்ஸில் இருக்கிற துப்பாக்கி எங்கே என்று கேட்பார்கள், அது இன்னும் பெரிய வம்பு என்றாள் வடிவு. காசிலிங்கம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "நானே போயி, நான்தான் செஞ்சேன்னு சொல்லிருதேன்" என்றார். இரண்டு பேரும் அவரைப் பார்த்தார்கள். பயத்தில் சொல்கிறவர் மாதிரி அவர் இல்லை. ஒரு தடவையாவது அதைச் சொல்லிவிட வேண்டும் என்று காத்திருந்தவர் மாதிரி இருந்தார்.

"இந்த வயசுல உள்ள போயி இருக்கப் போறியளா? வாயத் தொறக்கக் கூடாது" என்றாள் வடிவு.

தகட்டைத் திரும்பப் பூட்டி, காவல் நிலையத்துக்கு அவள்தான் துப்பாக்கியை எடுத்துப் போனாள். காசிலிங்கம் கூட வந்து வெளிப் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். அப்பா இறந்துவிட்டார், லைசென்ஸ் வேண்டாம், துப்பாக்கியை ஒப்படைக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தாள். சப்-இன்ஸ்பெக்டர் இளைஞர். ஆயுதம் தெரிந்த ஒரு ஏட்டைக் கூப்பிட்டார். ஏட்டு குழலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார்.

"சார், இது லைசென்ஸ்ல உள்ளது இல்ல. உள்ள வரி வெட்டியிருக்கு." பிறகு தன்னை மறந்து, "என்னா வேல சார்! கம்பெனிக் குழல் தோத்துரும்" என்றார்.

பெஞ்சில் இருந்த காசிலிங்கம் இருமினார்.

"யாரும்மா செஞ்சது?" என்று சப்-இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"தெரியாது சார். எங்கப்பா வச்சிருந்தாவ. அவிய இப்பம் இல்ல."

"உங்களுக்குத் தெரியாம இருக்குமா? இவ்வளவு பெரிய இரும்புக்கடை வச்சிருக்கீங்க. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிச்சுட்டுத்தான் சார் சொல்லுதேன். தெரியாது."

அவர் அவளை உற்றுப் பார்த்தார். அந்தப் பார்வை எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியும். எத்தனையோ பேரை அவள் அப்படிப் பார்த்திருக்கிறாள். அதற்கு எதிரே நிற்பது இப்படித்தான் இருக்கும் என்பதுதான் தெரியாது. கை தானாக முந்தானை நுனியைத் தேடியது. தேடியதைக் கவனித்து நிறுத்தினாள். கண்ணை எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு தடவை கடைக்கு வந்து விசாரித்தார்கள். ஏரல் பக்கத்து ஊரிலும் கேட்டார்கள். முத்துமாலையின் வயதுக்காரர்கள் யாரும் அங்கே மிச்சமில்லை. செய்தவர் யாரென்று தெரியவில்லை, வைத்திருந்தவர் இறந்துவிட்டார் என்று எழுதி முடித்தார்கள் என்று பிறகு தெரிந்தது. துப்பாக்கி மாவட்ட ஆயுதக் கிடங்குக்குப் போயிற்று. மற்றவற்றோடு சேர்த்து என்றாவது ஒரு நாள் உடைத்துப் போட்டுவிடுவார்கள். அதைச் சொன்னபோது காசிலிங்கம், "உடைக்கத்தான செய்வாவ" என்றார். அன்றைக்கு அவர் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தார்.

வடிவு ஒரு ஞாயிற்றுக்கிழமை கிரேசியைப் போய்ப் பார்த்தாள். காசியின் மனைவி என்று சொன்னதும் கிழவி அவள் கன்னத்தைத் தடவினாள். "அவுக எந்நேரமும் ஒன்னப் பத்தித்தான் பேசிக்கிட்டு இருப்பாவ" என்றாள். காசிலிங்கம் எந்நேரமும் எதையாவது பேசிக்கொண்டிருந்தார் என்பதை வடிவால் நம்ப முடியவில்லை. கிழவி மரியாதைக்குச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள். ஆனாலும் கொண்டுபோயிருந்த முழங்கால் வலித் தைலத்தைத் தேய்த்துவிட்ட பிறகுதான் கிளம்பினாள்.

தம்பி இப்போது கடைக்கு வந்து போகிறான். லோடு வந்தால் வடிவு முன்போலவே எண்ணத்தான் செய்கிறாள். தனியறைப் பாய் அங்கேயேதான் இருக்கிறது. இந்த வயதில் இனி எதற்கு மாற்றுவது என்று விட்டுவிட்டாள். ஆனால் மனதுக்குள் வைத்து வருஷக்கணக்கில் அரைக்கிற பழக்கத்தை விட்டுவிட்டாள். போன வாரம் காசிலிங்கம் சொல்லாமல் எங்கேயோ போய்விட்டு மத்தியானத்துக்குப் பிறகு வந்தார். அவள் தராசை அப்படியே விட்டுவிட்டு வந்து நின்றாள்.

"எங்க போனிய?"

"கண்ணு மங்கலா இருந்துச்சு. டாக்டரப் பாத்துட்டு வாரேன்."

"சீட்டு எங்க?"

அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவள் அதை வெளிச்சத்தில் பிடித்து முன்பக்கம் பார்த்தாள், திருப்பிப் பின்பக்கமும் பார்த்தாள். பிறகு, "அடுத்த தடவ நானும் வாரேன்" என்றாள்.

"நீ எதுக்கு? கடைய யாரு பாப்பா?"

"பிரகாசு பாப்பான்" என்று சொல்லிவிட்டு, காத்திருந்த வாடிக்கையாளருக்கு ஆணி நிறுக்கப் போனாள்.